சேம அச்சும் ஸ்டெப்னியும்
(வண்டிப்பாட்டு, லாரிப்பாட்டு பற்றி ஒரு வியாபாரியின் மதிப்பீடு)

அடியேன் தமிழ்ப் புலவனல்லன். தராசு பிடித்த கை. வந்தவாசிப் பக்கத்து ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்து, 1979-இல் பிழைப்புக்காக மூணாறு வந்து, அரிசி பருப்பு விற்றுக்கொண்டே கிடைத்த நேரத்தில் படித்தவன். ஆகவே பல்கலைக்கழகத்தார் எழுதும் முறையில் இக்கட்டுரை இராது. எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: பொருளைத் தட்டில் வைப்பது, எதிர்த்தட்டில் எடைக்கல்லை வைப்பது. இம்மலரில் அவ்வாறு நிறுத்துப் பார்க்க எடுத்துக்கொண்டது வழிப்பாட்டு. மாட்டு வண்டிக்காரர் பாடியது, லாரிக்காரர் பாடியது, அவர்களைப் பற்றிச் சினிமா பாடியது ஆகிய மூன்றும்.

இதை எழுதத் தூண்டியது வட்டவடை. நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு போய்வரும் ஊர்தான். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடுஞ்சோலைக் காட்டைத் தாண்டினால் சுமார் 45 கிலோமீட்டர். கேரளத்து இடுக்கி மாவட்டந்தான். ஆனால் கோவிலூர்க் கடைத்தெருவில் காதில் விழுவதெல்லாம் தமிழ். படிப்படியாய் இறங்கும் வயல்களில் கேரட், முட்டைக்கோஸ், உருளை, பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு. காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் மண்ணுக்குக் கீழ் விளைவதை உண்பதில்லை. பூண்டு வாசல்படி ஏறாது. ஆனாலும் அந்தப் பூண்டு மூட்டை வண்டி ஏறுவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

அண்மையில் ஒருநாள் சாயங்காலம் கோவிலூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கேரட் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் இருபத்தைந்து வயதுப் பிள்ளை. செல்போனில் பாட்டு ஓடுகிறது. “தம்பி, நீ பாடுவியாப்பா?” என்று கேட்டேன். சிரித்தான். “அதான் இது பாடுதே அய்யா, நான் வேற எதுக்கு?” என்றான். கூட ஆள் யாரென்று கேட்டேன். “ஆளா? கிளீனரு வச்சா கட்டுபடியாகுமா? நான் மட்டுந்தான்” என்றான். அந்த இரண்டு பதிலும் ஒரே பதில்தான் என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உமணர் வண்டி

வழிப்பாட்டுக்கு மூலம் தேடினால் சங்க நூல்களில் வரும் உமணரிடம் போய் நிற்கவேண்டும். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டுவண்டியில் ஏற்றி, வரிசை வரிசையாக உள்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியவர்கள். எங்கள் தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியை அங்கம் அங்கமாக வருணிக்கிறார். சக்கரம், பார், மேலே வேய்ந்த கூரை, அதில் தொங்கும் கோழிக்கூடு, கயிற்றில் கட்டிய காடிப்பானை, கைக்குழந்தையோடு எருதை ஓட்டும் பெண். குடும்பமே வண்டியில் இருக்கிறது. அடுத்தாற்போல் மிளகுப் பொதி சுமந்த கழுதைக் கூட்டமும், வழியில் சுங்கம் வாங்கும் காவலரும் வருகிறார்கள். உப்பு மேலே போகிறது, மிளகு கீழே வருகிறது. இன்று அரிசி மேலே போகிறது, கேரட் கீழே வருகிறது. இரண்டாயிரம் ஆண்டில் மாறியது சரக்கின் பெயர்.

இதைவிட என்னை ஆட்டிப் படைத்த இடம் புறநானூற்று 102-ஆம் பாட்டு. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடியது. எருதுகள் இளையவை, நுகத்தின் பாரம் அறியாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்கவேண்டும், மேட்டில் ஏறவேண்டும். என்ன நேருமோ யார் கண்டார்? ஆகவே உமணர் அச்சுமரத்துக்குக் கீழே இன்னோர் அச்சைச் சேமமாகக் கட்டிக்கொண்டு புறப்படுவார்களாம். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று அரசனை வாழ்த்துகிறார் அம்மையார். சிங்கம், சூரியன் என்று உவமை தேடாமல், ஒரு வண்டிக்காரன் முன்னெச்சரிக்கையாகக் கட்டிய மரத்துண்டை எடுத்து அரசனுக்கு உவமையாக்குகிறார். இன்றைய லாரிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி டயர் அதுவேதான்.

இந்தப் பாட்டு ஏன் உயர்ந்தது? எனக்குத் தோன்றும் காரணம் இது. பாரம் எவ்வளவு, எருது எப்படிப்பட்டது, வழி எப்படிப்பட்டது என்ற மூன்றும் ஔவைக்குத் தெரிந்திருக்கிறது. தொழிலைத் தூரத்தில் நின்று பார்த்தவர் சொல்லக்கூடியதல்ல. வண்டிக்கடியில் குனிந்து பார்த்தவர் சொல்வது. ஆக, நான் தட்டில் வைக்கும் முதல் எடைக்கல்: பாட்டுக்குப் பாரமும் மேடுபள்ளமும் தெரியுமா?

வண்டிப்பாட்டின் இலக்கணம்

என் தகப்பனார் ஆரணிச் சந்தைக்கு வண்டி கட்டியவர். ராத்திரிப் பயணந்தான்; வெயிலில் மாடு தாங்காது. ஏழெட்டு வண்டி சேர்ந்தே போகும். வண்டிக்கடியில் அரிக்கேன் விளக்கு ஆடும். முன்வண்டிக்காரர் ஓரடி எடுப்பார். அவர் நிறுத்திய இடத்தில் பின்வண்டியிலிருந்து பதில் வரும். பதில் வராவிட்டால் முன்வண்டி நின்றுவிடும். யாராவது இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். ஆள் தூங்கிவிட்டானா, மாடு படுத்துவிட்டதா, வழிப்பறியா என்று. அப்பா இதைச் சொல்லும்போது எனக்குச் சிறு வயது. வெறும் வேடிக்கையாகக் கேட்டேன்.

தெம்மாங்கு என்று நாம் பொதுப்பெயரில் அழைக்கும் இப்பாட்டுகளைத் தொகுத்துக் காப்பாற்றியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி சேர்த்தவற்றைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, ‘மலையருவி’ 1958-இல் தஞ்சை சரசுவதி மகால் வெளியீடாக வந்தது. பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964-இல் வந்தது. இலங்கை மலையகத்தில் சி.வி.வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளர் பாடல்களைச் சேர்த்தார். இப்பெரியோர் இல்லாவிட்டால் நம் கையில் ஒன்றுமில்லை.

ஆனால் அச்சுப் புத்தகத்தில் படிக்கும்போது ஒன்று தவறிப்போகிறது. அடிக்கு அடி வரிசையாக அச்சடித்ததும், ஒருவர் தனியே உட்கார்ந்து பாடியதுபோல் ஆகிவிடுகிறது. கேள்வி எந்த வண்டியிலிருந்து வந்தது, பதில் எந்த வண்டியிலிருந்து வந்தது, நடுவில் எத்தனை நேரம் இருட்டு என்பது தாளில் இல்லை. வண்டிப்பாட்டு பேச்சு. இன்னும் சரியாகச் சொன்னால் காவல். எனவே என் இரண்டாவது எடைக்கல்: பாட்டு யாரைப் பார்த்துப் பாடப்படுகிறது? பதில் சொல்ல ஆள் உண்டா?

இன்னொரு குறையும் உண்டு. மாட்டு வண்டிக்காரர் பாட்டு நாட்டுப்பாட்டு என்று ஏட்டில் ஏறியது. லாரிக்காரர் பாட்டுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. சினிமா மெட்டு கலந்துவிட்டது, டீசல் வாசம் அடிக்கிறது என்று நினைத்தோமோ என்னவோ. நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் இந்தியா முழுக்க லாரி ஓட்டுகின்றன. இத்தனை ஆயிரம் பேர் இத்தனை ஆண்டு இரவில் வாய் மூடியா போயிருப்பார்கள்?

சினிமா நிறுத்திய ஓட்டுநர்

சினிமாவில் வண்டியோட்டிக்குப் பஞ்சமில்லை. 1964-இல் வந்த ‘பச்சை விளக்கு’ படத்தில் சிவாஜி ரயில் ஓட்டுநர். கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடிய பாட்டு இன்றும் காதில் நிற்கிறது. 1971-இல் ‘ரிக்சாக்காரன்’, எம்.ஜி.ஆருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். 1981-இல் ‘லாரி டிரைவர் ராஜாக்கண்ணு’ என்று பெயரிலேயே லாரியோடு ஒரு படம் வந்தது. 1995-இல் ‘பாட்ஷா’, வைரமுத்து எழுதி, தேவா இசையில் எஸ்.பி.பி. பாடிய ஆட்டோக்காரர் பாட்டை இன்றும் ஆயுத பூசைக்கு ஒலிபெருக்கியில் கேட்காத ஸ்டாண்டு இல்லை. 2010-இல் ‘பையா’; பெங்களூரிலிருந்து மும்பை வரை கார்ப்பயணம்.

இவற்றை மட்டமென்று சொல்ல நான் யார்? ஆட்டோக்காரனை ஊர் நடுவில் நிறுத்தி மாலை போட்டதே ஒரு பெரிய காரியம். தன் தொழிலின் பெயரைத் தானே உரக்கச் சொல்லிக்கொள்ளும் தைரியத்தை அந்தப் பாட்டு எத்தனையோ பேருக்குக் கொடுத்தது. ஆனால் என் இரண்டு கல்லையும் வைத்துப் பார்த்தால் தட்டு எங்கே சாய்கிறது?

கண்ணதாசன் பாட்டை எடுத்துக்கொள்வோம். தத்துவம் அழகு, ஆனால் அந்த எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன் பாட்டில் இல்லை. ஆட்டோக்காரர் பாட்டில் சுற்றி நூறு பேர் ஆடுகிறார்கள். அவர்கள் ஆமோதிப்பவர்கள், பதில் சொல்பவர்கள் அல்லர். அந்தப் பாட்டு திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்துப் பாடப்படுகிறது. ‘பையா’வில் சாலை முழுக்க மழையும் மலையும் காதலும். எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. அவ்வளவு தூரம் ஓட்டியவனுக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை. மொத்தத்தில் சினிமா ஓட்டுநரை ஞானியாக்கியது, வீரனாக்கியது, காதலனாக்கியது. களைத்தவனாக மட்டும் ஆக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதுவும் நம் மலையிலிருந்தே வந்தது. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து 2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. தேனிப் பக்கமிருந்து இடுக்கி மலைக்கு ஏறி, ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து இறக்கும் கூலியாளின் கதை. இசை இளையராஜா. பெரும்பகுதியில் பாட்டே இல்லை. காலடிச் சத்தமும் மூச்சுச் சத்தமுந்தான். அந்தப் படத்தை மூணாறுக்காரர்கள் சிலரோடு பார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. மூட்டையின் கனம் தெரிந்த படம் அது. என் முதல் கல்லுக்கு அது தங்க எடை நிற்கும்.

வேறு நாட்டிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. அமெரிக்காவில் லாரிக்காரர் பாட்டு என்று தனி வகையே உண்டு. டேவ் டட்லி 1963-இல் பாடிய ஒன்று ஆறு நாள் சாலையில் கிடந்து வீடு திரும்புகிறவனின் பாட்டு. எடைபோடும் சாவடியும் அதில் வருகிறது. சி.டபிள்யூ.மக்கால் 1975-இல் பாடிய ‘கான்வாய்’ முழுக்க முழுக்க லாரிக்காரர்கள் வயர்லெஸ்ஸில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பாணியில் அமைந்தது. அதைப் பற்றிப் படித்தபோது அப்பாவின் ஆரணி வண்டி வரிசைதான் ஞாபகம் வந்தது. முன்வண்டி அழைக்கிறது, பின்வண்டி பதில் சொல்கிறது. கடல் கடந்தும் இலக்கணம் அதேதான்.

நான் ஏற்றிய பாரம்

இதுவரை எழுதியதைச் சும்மா ரசனைக்காக எழுதவில்லை. சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

எனக்குச் சரக்கு ஏற்றிவந்த டிரைவர் ஒருவர் இருந்தார், போடிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை “மொதலாளி” என்பார், நான் “அண்ணே” என்பேன். போடியிலிருந்து மூணாறுக்கு லாரி. அங்கிருந்து வட்டவடைக் கடைகளுக்கு ஜீப். சில தடவை லாரியில் அவரோடு ஏறி வந்திருக்கிறேன். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பாட்டு. பழைய தெம்மாங்கு மெட்டு. ஆனால் மாட்டுக்குச் சொன்ன தேறுதலை எஞ்சினுக்குச் சொல்வார். கிளட்சைக் கொழுந்தியாள் என்பார், பிரேக்கைப் பெரியம்மா என்பார். வளைவு திரும்பும் முன் பாட்டைப் பாதியில் நிறுத்துவார். கிளீனர் பையன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, பின்சக்கரம் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதென்று அதே மெட்டில் மீதியைப் பாடி முடிப்பான். நான் சிரித்து மகிழ்ந்தேன். அது கோமாளித்தனமல்ல, தொழில்நுட்பம் என்று அப்போது புரியவில்லை.

1996 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. சரக்கு போடியில் கிடக்கிறது, மழை. அவர் சொன்னார்: “மொதலாளி, ரெண்டு நாளாக் கண்ண மூடல. விடிஞ்சு ஏறுறேனே?” நான் சொன்னேன்: “அண்ணே, விடிஞ்சு வந்தா யாரு வாங்குவா? எப்படியாவது ராத்திரியே வந்திருங்க.” பத்து மூட்டை கூடுதலாகவும் ஏற்றச் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அன்று இரவு மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் லாரி கவிழ்ந்தது. அவருக்கு வலது கால் போயிற்று. கிளீனர் பையன் இரண்டாம் நாள், தீபாவளியன்று, ஆஸ்பத்திரியில் இறந்தான். எங்களுக்குத் தீபாவளி பகவான் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். அன்று விளக்கேற்ற என் கை வரவில்லை.

பிற்பாடு அவரைப் பார்க்கப் போனபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: “அவன் தூங்கிட்டான் மொதலாளி. எடுத்துக் குடுக்க ஆளில்ல. நான் ஓரடி பாடுனேன், பதில் வரல. அடுத்த அடி பாடுனேனா இல்லையான்னு எனக்கே தெரியல.”

எங்கள் அருங்கலச்செப்பு முதலான இல்லற ஒழுக்க நூல்கள் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று, தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது. சிறு வயதில் மனப்பாடம் செய்தது. அது மாட்டுக்குச் சொன்னது, மனிதனுக்கும் தூக்கத்துக்கும் பொருந்தாது என்று எந்த ஆசிரியர் எனக்குச் சொன்னார்? மயிலிறகாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் வைத்திருக்கிறார். அந்த அதிகாரத்தை நான் மேடையிலேயே பேசியிருக்கிறேன்!

1961-ஆம் ஆண்டு மோட்டார் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று விதித்தது. ஏட்டில் இருந்தது. அழகர்மலைக் குகையில் சமணத் துறவியர்க்குத் தானம் கொடுத்த உப்பு வணிகனின் பெயர் தமிழி எழுத்தில் இருக்கிறது. வியாபாரிகள் நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அவன் உப்பைச் சுமந்த வண்டியோட்டியின் பெயர் கல்லில் இல்லை. வண்டிப்பாட்டிலும் லாரிப்பாட்டிலும் மாடு வருகிறது, மேடு வருகிறது, வீட்டுக்காரி வருகிறாள். சரக்குக்குச் சொந்தக்காரன் அநேகமாக வருவதில்லை. அவன் பெயரைச் சொல்லிப் பாடினால் கூலி போய்விடும் என்பதால் இருக்கலாம். அவன் இல்லாத இடத்தை வைத்தே அவனை அளக்கவேண்டும். இது என் மூன்றாவது எடைக்கல். இதில் நிறுக்கப்படுவது பாட்டன்று, நான்.

நிறைவாக

இப்போது அந்த டீக்கடைப் பிள்ளையின் இரண்டு பதிலுக்கும் வருகிறேன். போன் பாடுகிறது, கிளீனர் இல்லை. போன் நன்றாகவே பாடுகிறது. இளையராஜாவின் பாட்டுக்கு இணை எது? ஆனால் அது இவன் தூங்கிவிட்டால் கவலைப்படாது. நிற்காமல் பாடிக்கொண்டே இருக்கும். முன்வண்டிக்குப் பின்வண்டி, டிரைவருக்குக் கிளீனர் என்று இருந்த சேம அச்சை நாம் கழற்றி எடுத்துவிட்டோம். ஸ்டெப்னி டயர் தொங்குகிறது. ஸ்டெப்னி ஆள் இல்லை. பாட்டு செத்ததற்குக் காரணம் ரசனை கெட்டுப்போனது என்கிறார்கள். நான் கணக்குப் பார்ப்பவன். எனக்குக் கூலிக் கணக்குதான் காரணமாகத் தெரிகிறது. இரண்டாவது ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடித்தோம், அதோடு இரண்டாவது குரலும் போயிற்று.

அந்த அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. அவர் வளைவுகளில் பாடியவற்றில் நினைவில் உள்ளதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கிளீனர் பாடிய பாதியை எழுத இடது பக்கம் முழுவதையும் காலியாக விட்டேன். அதில் பாதிகூட நிரம்பவில்லை.

1996-க்குப் பிறகு என் சரக்கு ஏற்றும் எந்த டிரைவருக்கும் நான் நேரம் சொன்னதில்லை. தனியாக வந்தால், கூட வரும் ஆளுக்கு நானே பேட்டா கொடுத்துவிடுகிறேன். லாபம் குறைந்தது. கடை மூடவில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை வட்டவடைக்கோ காந்தளூருக்கோ போகும்போது, பூக்களையும் பனிமூட்டத்தையும் படம் எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. லோடு ஏறும் இடத்தில் சற்று நின்று, வயதான டிரைவர் யாராவது இருந்தால் “அண்ணே, அந்தக் காலத்துல ராத்திரி என்ன பாடுவீங்க?” என்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர் முதலில் கூச்சப்படுவார். பிறகு ஓரடி எடுப்பார். நிறுத்துவார். அங்கே நீங்கள் ஏதாவது பதில் சொல்லவேண்டும். மெட்டு தப்பினாலும் பரவாயில்லை.